அந்த 462-ஐ எப்படிப் படிப்பது

தருமபுரி

கண்ணு,

ஓசூரிலிருந்து நீ அனுப்பிய ரிப்போர்ட் வந்தது. ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் 462, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. பெரும்பாலான லேப்களில் டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை நார்மல். ஆனால் நீ ரத்தம் கொடுத்தது காய்ச்சல் விட்ட ஆறாம் நாள். காய்ச்சலோ, பல் வேரில் சீழோ, எது வந்தாலும் கல்லீரல் இந்தப் புரதத்தை அள்ளிக் கொட்டும். உடம்பு தேறி நான்கு வாரம் போகட்டும், மறுபடி பார்.

காயம் பட்டால் த்ராம்பின் என்ற நொதி இதை வெட்டிவிடும். உடனே நூல் நூலாகச் சேர்ந்து வலை பின்னும், அதுதான் ரத்தக்கட்டு. இதயக் குழாயில் கொழுப்புப் படிவு வெடித்தாலும் இதே வலைதான். புரதம் கூடினால் வலை நெருக்கமாகும், கரையவும் நேரமாகும்.

அமெரிக்காவில் 1985-86-ல், 18 முதல் 30 வயதுக்காரர்களை வைத்துத் தொடங்கியது கார்டியா ஆய்வு. அவர்களில் இளவயதில் ஃபைப்ரினோஜன் கூடியிருந்தவர்களுக்கு 13 ஆண்டு கழித்து இதயக் குழாயில் கால்சியப் படிவு அதிகம் தெரிந்தது. ஆனால் பிறவியிலேயே மரபணுவால் இது கூடியிருப்பவர்களுக்கு மாரடைப்பு தெளிவாக அதிகம் என்று காட்ட முடியவில்லை. இது புகை, நெருப்பு வேறெங்கோ இருக்கிறது. இதைக் குறைக்கவென்று தனி மாத்திரை தராததும் அதனால்தான்.

அந்த நெருப்பில் முதலாவது சிகரெட். பிடிக்கிறாயா? பதிலை எனக்கு எழுத வேண்டாம், டாக்டரிடம் மறைக்காதே. அடுத்தது இடுப்பு: தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அள, 90 செ.மீ. தாண்டக் கூடாது. பிரஷர், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொலஸ்ட்ரால் மூன்றும் பார்த்துவிடு. கெட்ட கொலஸ்ட்ரால் போன்ற ஒரு துகளான லிப்போபுரோட்டீன் ஏ மட்டும் ஆயுளில் ஒரு தடவை போதும், அது பெரும்பாலும் பரம்பரை. 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் கெட்ட கொலஸ்ட்ராலில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். நீயாக ஆஸ்பிரின் போட ஆரம்பிக்காதே. அது ரத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டாகும் தட்டணுவைத்தான் தடுக்கும், ஃபைப்ரினோஜன் எண் அப்படியே இருக்கும், வயிற்றில் ரத்தம் கசியலாம்.

மறுபடி கொடுக்கும்போது குழாயைக் கவனி. நீல மூடிக் குழாயின் அடியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் துளி இருக்கும், அதற்கு ஒன்பது பங்கு ரத்தம் கோடு வரை நிரம்ப வேண்டும். பட்டர்ஃப்ளை ஊசி என்றால் அதன் டியூபில் இருக்கும் காற்று முதலில் உள்ளே போகும், ரத்தம் குறையும். அதனால் முதலில் ஒரு வெறும் குழாயைப் போட்டு எடுத்துவிடச் சொல். நிரம்பியதும் மூன்று நான்கு தடவை மெதுவாகக் கவிழ்த்தால் போதும், குலுக்கக் கூடாது. அரைகுறையாக நிரம்பினால், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா சிட்ரேட்டால் நீர்த்துப்போகும். உள்ளே சிறு கட்டு விழுந்தால் புரதம் அதிலேயே செலவாகிவிடும். இரண்டிலும் எண் பொய்யாகக் குறையும். '310 வந்துவிட்டது' என்று நீ நிம்மதியாகிவிடுவாயே, அதுதான் எனக்குப் பயம்.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ இறங்கும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் கேஸ் மாத்திரை தேடாதே, 108-ஐக் கூப்பிடு. பைக்கில் போகாதே. போன இடத்தில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி கேள். வயசு 29 என்று சொல்லி யாராவது தள்ளிப்போட்டால் விடாதே.

புது ரிப்போர்ட்டை அனுப்பும்போது காய்ச்சல் கடைசியாக இருந்த தேதியையும் எழுது.

அம்மா