ஆளுக்கொரு மடி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. உட்கார்ந்து பதில் எழுத இன்றைக்குத்தான் வாய்த்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தடி பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. உடற்பயிற்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் விட்டுவிடாதே. வலிக்கிறது என்று ஆரம்ப வாரங்களில் காலை மடக்கி நீட்டாமல் இருந்துவிட்டால் மூட்டு இறுகிப்போகும். அப்புறம் அதைத் தளர்த்துவது பெரும்பாடு. பக்கத்தில் உட்கார்ந்து நீயும் சேர்ந்து செய். உனக்காகவாவது செய்வார்கள். வேலையை விடலாமா என்று நீ யோசிப்பதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், அது நிதானமாகப் பேசவேண்டிய விஷயம்.

பண்டிகைக்கு வருகிறீர்களா, இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக்கொண்டு வரட்டும் என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். இந்த வருஷம் நாங்கள் எங்கேயும் கிளம்பவில்லை. ஒரு குழந்தை என்றால் தூங்குகிற நேரம் பார்த்து வண்டியேறிவிடலாம். எங்கள் இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் ஒரே நேரத்தில் தூங்குவது என்பது மாசக்கணக்கில் பாடுபட்டுக் கொண்டுவந்த ஒழுங்கு. ராத்திரி ஒன்று பசித்து எழுந்தால் மற்றதையும் எழுப்பிப் பால் கொடுத்துவிடுவோம். தூங்குகிற பிள்ளையை யாராவது எழுப்புவார்களா என்று பெரியவர்கள் பதறினார்கள். எழுப்பாவிட்டால் இது குடித்து முடித்துக் கண்ணயரும்போது அது விழித்துக்கொள்ளும். விடிய விடிய எங்களுக்குத் தூக்கமே இருக்காது. இந்த ஒழுங்கு பிடிபட்ட பிறகுதான் நானும் அவரும் ஒருவரோடொருவர் நாலு வார்த்தை பேசிக்கொள்ளவே ஆரம்பித்தோம். இடம் மாறி, படுக்கை மாறி, சுற்றிலும் புது முகங்களாக இருந்தால் அது இரண்டே நாளில் கலைந்துபோகும்.

இன்னொரு காரணம் சளி, காய்ச்சல். இவர்கள் 35 வாரத்திலேயே பிறந்தவர்கள். இரட்டைப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடுகிறார்கள் என்பதால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் நமக்கு வெறும் ஜலதோஷமாக வந்துபோகிற ஆர்.எஸ்.வி. கிருமி கைக்குழந்தையின் நெஞ்சில் இறங்கினால் மூச்சுத்திணறல் வரை கொண்டுபோய்விடும். குறைமாதப் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து கூடுதல். ஒன்றுக்கு வந்தால் மற்றதுக்கும் வராமல் தடுக்க வழியே கிடையாது, ஒரே பொம்மையை இரண்டும் மாறி மாறி வாயில் வைத்துக்கொள்கின்றன. அதனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறோம்: கை கழுவிவிட்டுத் தூக்குங்கள், முகத்தில் முத்தம் வேண்டாம், தொண்டை கரகரத்தால் இன்னொரு நாள் வாருங்கள் என்று. சிலருக்கு முகம் சுருங்கத்தான் செய்கிறது. சுருங்கினால் பரவாயில்லை. நானும் அவரும் ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டுக்கொண்டோம், பிள்ளைகளுக்கும் ஆறு மாசம் முடிந்ததும் போட்டாயிற்று.

பண்டிகை நெருங்க நெருங்க வீட்டில் ஆள் நடமாட்டம் கூடிவிட்டது. கைகள் கூடினால் வேலை குறையும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற குழப்பமும் கூடவே வருகிறது. சொட்டு மருந்து ஒன்றுக்கு இரண்டு தடவை போய், மற்றதுக்குப் போகாமலே விட்டுப்போகலாம். அதற்காகவே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். இடப்பக்கம் பெரியவன், வலப்பக்கம் சின்னவள். பால், மருந்து, மாற்றிய துணி எல்லாவற்றையும் நேரத்தோடு அதில் எழுதாமல் யாரும் நகரக்கூடாது. விருந்தாளியாக வந்தவர்களும் எழுதுகிறார்கள். வாயில் ஒரு சொட்டுத் தேன் தடவட்டுமா என்று ஆசையாகக் கேட்பவர்களுக்கு மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுகிறேன். ஒரு வயது முடியும்வரை தேன் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சாகிவிடும், உடம்பே துவண்டுபோகும். இரண்டையும் ஒரே தொட்டிலில் சேர்த்துப் படுக்கவைத்துப் படம் எடுக்கலாம் என்கிறார்கள். அதற்கும் இடம் கொடுப்பதில்லை. தலையணை, மெத்தென்ற போர்வை எதுவும் இல்லாமல் தனித்தனிப் படுக்கையில் மல்லாக்கத்தான் படுக்கவைக்கிறோம்.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். என் மனசை அறுக்கிறது வேறொன்று. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

வருகிற எல்லோரும் இரண்டு பேரையும் ஒரு சோடியாகவே பார்க்கிறார்கள். ஒருவன் ஆண், ஒருத்தி பெண். இருந்தும் "ரெண்டும் ஒரே கருவா?" என்று கேட்கிறார்கள். இரண்டு கருமுட்டை தனித்தனியாகக் கருவாகி வளர்ந்தவர்கள், ஒரே நேரத்தில் பிறந்த அண்ணன் தங்கை, அவ்வளவுதான் என்று விளக்குகிறேன். விளக்கி முடித்ததும் ஒப்பிட ஆரம்பிக்கிறார்கள். சின்னவள் கையை ஊன்றி உட்காருகிறாள். பெரியவன் இன்னும் சாய்ந்துவிடுகிறான். "தங்கச்சி உட்கார்ந்துட்டா, நீ ஏன்டா சோம்பேறி?" என்று அவன் கன்னத்தைத் தட்டுகிறார்கள். எட்டு மாசப் பிள்ளைக்கு அது புரியாது என்கிறார்கள். புரிகிற வயசு வரும்வரை நாக்குக்கு இது பழகிவிடுமே, அப்போது யார் நிறுத்துவார்கள்?

இவர்களுக்கு வயசே இரண்டு கணக்கு. தடுப்பூசிக்குப் பிறந்த தேதி. உட்காருவது, தவழுவது, பேசுவது எல்லாவற்றுக்கும் பிறந்திருக்கவேண்டிய தேதியிலிருந்து எண்ணிப் பார்க்கச் சொன்னார் டாக்டர், 2 வயது வரைக்கும் அப்படித்தான் பார்ப்பார்களாம். அந்தக் கணக்கில் இருவருக்கும் ஏழு மாசம்தான் ஆகிறது. அவன் உட்கார இன்னும் காலம் இருக்கிறது. இதை நான் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொல்கிறேன். ஆனால் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கிறேன் தெரியுமா, அப்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

சோடியாகப் பார்ப்பது அவர்கள் மட்டுமில்லை, இந்த வாழ்க்கையே என்னையும் அப்படித்தான் பார்க்க வைக்கிறது. இவனுக்கு ஒரு கரண்டி, அவளுக்கு ஒரு கரண்டி. இவனைத் துடைத்துவிட்டு அவளைத் துடைப்பது. ஒன்றின் கண்ணை முழுசாகப் பார்ப்பதற்குள் மற்றது அழைக்கிறது. போன வாரம் மாமியார் பெரியவனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். சின்னவளுக்கு மட்டும் சோறு மசித்து ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கொண்டுபோனால் உடனே வாயைத் திறக்கமாட்டாள்டி. கீழுதட்டால் அதைத் தொட்டுப் பார்ப்பாள். சூடு எப்படி என்று யோசிக்கிற மாதிரி ஒரு நொடி நிற்பாள். அப்புறம் இடது காதைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறப்பாள். ஒவ்வொரு கரண்டிக்கும் அதே மாதிரி. தினமும் என் கையால்தானே சாப்பிடுகிறாள், இவ்வளவு நாள் இது என் கண்ணில் படவே இல்லை. அவள் நின்று யோசிக்கிற அந்த நொடியில்தான் நான் அவனுக்குக் கரண்டியை நீட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

அடுத்த நாள் மாற்றிச் செய்தோம். தங்கை பக்கத்தில் இல்லாதபோது பெரியவன் எவ்வளவு பேசுகிறான்! அவள் இருந்தால் சத்தமெல்லாம் அவளுடையது, இவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். தனியாக இருந்தால் உதட்டைக் குவித்து, எச்சில் நுரையோடு, நீளநீளமாக என்னிடம் ஏதோ சொல்கிறான். நான் பதில் சொன்னால் நிறுத்திக் கேட்கிறான். முடித்ததும் மறுபடி தொடங்குகிறான்.

கூட்டத்தில் களைத்துப்போவதிலும் இருவரும் வேறு வேறு. அவள் உரக்கக் கத்தி அழுதுவிடுவாள், ஓடிவந்து தூக்குவார்கள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான், விக்கல் வரும், விரல்களை விரித்து விரித்து மூடுவான். சமர்த்தாக இருக்கிறான் என்று இன்னும் நாலு பேர் வாங்கிக் கொஞ்சுவார்கள். அந்த விரல்களைப் பார்த்ததும் நான் யாரிடமும் கேட்காமல் அவனை வாங்கிக்கொண்டு விளக்கணைத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

ஆகவே உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். பொம்மை வேண்டாம், ஒரே நிறத்தில் இரண்டு சட்டை வேண்டவே வேண்டாம். பாட்டுப் பாடுகிற பொம்மைகள் ஏற்கெனவே வந்து குவிந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று அவர் பார்த்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். பொத்தான் மாதிரி இருக்கிற பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். நீ வா. கையைக் கழுவிவிட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போ. அரைமணி நேரம் போதும். இன்னொன்றை நான் மடியில் வைத்துக்கொண்டு அதை மட்டும் பார்க்கவேண்டும். அப்புறம் மாற்றிக்கொள்வோம். புது முகம் கண்டால் அழுகிற வயசு தொடங்கிவிட்டது, முதலில் உன்னிடம் அழுவார்கள். அதற்காக மனசு சங்கடப்படாதே. நேராகக் கண்ணைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு, தானாகவே உன் வளையலைப் பிடிக்க வருவார்கள்.

"எல்லாம் சரி, நீ எப்படியிருக்கே?" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்காக உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். இப்போது நன்றாக இருக்கிறேன். நடுவில் சில மாசம் அப்படி இல்லை. காரணமில்லாமல் அழுகை வரும், பிள்ளைகளைப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் அசையாது. இரட்டைப் பிள்ளை பெற்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அதிகமாக வருகிறது என்று டாக்டர் சொன்னபோதுதான் அது என் குணமில்லை, ஒரு நோய் என்று பிடிபட்டது. சிகிச்சை எடுத்தேன், குணமானேன். யாரிடமும் மறைக்கவில்லை, நீயும் மறைக்கவேண்டாம்.

இனி உன் வேலை விஷயம். ராத்தூக்கம் இல்லாத வாரங்களில் பெரிய முடிவு எதுவும் எடுக்காதே என்பதுதான் என் எண்ணம். முதலில் நீண்ட விடுப்பு கேட்டுப் பார். தம்பிகள் இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கும் அம்மாதானே? "ஏதாவது உதவி வேணுமா?" என்று அவர்கள் போனில் கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று நீ சொல்லிவிடுகிறாய், எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லாதே. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து அம்மாவைப் பயிற்சி செய்யவை, ஏழு மணி வரை இரு என்று நாளும் நேரமும் வேலையும் சேர்த்துச் சொல். அப்படிச் சொன்னபோதுதான் எனக்கும் ஆட்கள் வந்தார்கள். உதவி செய்ய மனசில்லாதவர்கள் குறைவு. என்ன செய்வதென்று தெரியாதவர்களே அதிகம்.

பண்டிகை அன்றைக்கே ஓடிவராதே. அன்று வீடு கொள்ளாத கூட்டம் இருக்கும், உனக்கு ஒரு பிள்ளைகூடக் கைக்குக் கிடைக்காது. அதற்கு அடுத்த வாரம் வா. எல்லோரும் கிளம்பிப்போயிருப்பார்கள், அவரும் வேலைக்குத் திரும்பியிருப்பார், நான் தனியாக இருப்பேன். காலையில் பத்து மணிக்கு மேல் வந்தால் முதல் தூக்கம் முடிந்து இரண்டும் நல்ல மனநிலையில் இருக்கும். அம்மாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு வர எந்த நாள் தோதுப்படும் என்று மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
உன் தோழி