வடகம் எவ்வளவு அனுப்பட்டும்?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கரீபியன் பக்கத்துக் குவாதலூப் தீவிலிருந்து நீ அனுப்பின படங்கள் வந்தன. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். சேந்த் ஆன் கடல் பச்சைப் பசேலென்று இருக்கிறது, கிராந்த் ஆன்ஸ் மணல் எவ்வளவு நீளம்! பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் ஒரு படம் வந்தால் அதில் ஆள் இருக்கும். இப்போது கடலும் தென்னையும்தான். கடைசிப் படத்தில் உன் செருப்பு மட்டும் கிடக்கிறது. வாரில் கருமணல் ஒட்டியிருந்ததால் அது மலாந்தூர் கடற்கரை என்று நானே கண்டுபிடித்துவிட்டேன். தீவில் எரிமலை இருக்கிற பஸ்தேர் பக்கம் பல கரைகளில் மணல் கருப்பு, கிராந்தேர் பக்கம் பவளம் அரைபட்டு வெள்ளை என்று நீதான் சொல்லியிருக்கிறாய். போன வருஷம் அதே மலாந்தூரில் நீங்கள் இரண்டு பேரும் ஆமை பார்த்துவிட்டுத் தலை சொட்டச் சொட்ட நின்ற படம் இன்னும் சாமி அலமாரிப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு கடற்கரை என்று கிளம்பிவிடுகிறாய். போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாகக் கடலில் இறங்காதே. புவேந்த் தே ஷாத்தோ முனையில் சிலுவை வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வா, கீழே தண்ணீரில் கால் வைக்காதே, இழுப்பு அதிகம் என்று அப்பாவோடு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் சொன்னார். நம்ம ஊர்க் கடல் ஆளை இழுத்துப் போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நீ. அந்த மான்சினிலியே விஷ மரத்தையும் மறக்காதே. சிவப்புப் பட்டை அடித்திருந்தால் கிட்டேயே போகாதே. பட்டை அடிக்காத மரமும் இருக்கும். மழை வந்தால் அதன் கீழே ஒதுங்கக் கூடாது, இலையில் வடிகிற தண்ணீர் பட்டாலே தோல் வெந்துபோகும். பழம் குட்டி ஆப்பிள் போல இருக்கும், தொடாதே. சர்காஸ் பாசி ஒதுங்கிக் கிடக்கிற கரையிலும் உட்காராதே. அது அழுகி வருகிற முட்டை நாற்றம் தலைவலியில் கொண்டுபோய் விடும். 2011-லிருந்து அந்தத் தொல்லை இருக்கிறதாமே. எதுவானாலும் தனியாக இறங்காதே.

நம்ம தெருவில் யாரும் போகாத தூரம் போய், லிசே பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாய். பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்பா அதைச் சொல்லாத நாள் இல்லை. ஆனால் தீபாவளிக்கு ஒரு வார்த்தை பேசிவிட்டு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். மாப்பிள்ளையிடம் கொடு என்றேன், வெளியே போயிருக்கிறார் என்றாய். பொங்கலுக்கும் அதையே சொல்வாயோ?

வடகம் உருட்டிக் காயவைத்து டப்பாவில் போட்டுவிட்டேன். இரண்டு பேருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை எவ்வளவு அனுப்பட்டும் என்று கேட்டேன், நீ பதிலே போடவில்லை.

கப்பெஸ்தேரில் ஷாங்ஜி கோயிலுக்குப் போய் அம்மனுக்கு ஒரு விளக்கு ஏற்று. அதைக் கட்டிக் காப்பாற்றினது நம்ம பக்கத்திலிருந்து கப்பலேறின ஜனங்கள். 1854 டிசம்பரில் ஓரேலி கப்பல் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1889 வரைக்கும் நாற்பதாயிரம் பேருக்கு மேல் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். முக்கால்வாசிப் பேர் திரும்பவே இல்லை. ஊருக்கு ஒரு சேதி சொல்ல அவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! உன் கையில் போன் இருக்கிறது, கண்ணு. இங்கே ராத்திரி ஒன்பதரை என்றால் அங்கே மத்தியானம் பன்னிரண்டு. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடு. நான் படுத்தாலும் தூங்குவதில்லை.

இன்னொன்று. அப்பா எங்கள் இரண்டு பேர் பிரெஞ்சு பாஸ்போர்ட்டையும் புதுப்பித்து வாங்கிவிட்டார். அதுவும் பிரான்ஸ் மண்தானே, நமக்கு விசா தொல்லை கிடையாது, பாரிஸ் போய் ஓர்லி விமான நிலையத்தில் மாறினால் போதும். புயல் காலமும் நவம்பரோடு முடிந்தது. முழங்காலுக்காக யோசித்தேன், மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வந்துவிடலாம். வந்து சமைத்துப் போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை உன்னோடு கடற்கரைக்கு வருகிறேன். நீயாகச் சொல்கிற வரைக்கும் ஒன்றும் கேட்க மாட்டேன். அப்பாவையும் கேட்க விடமாட்டேன்.

பொங்கலுக்குள் சொல்லிவிடு, டிக்கெட் விலை ஏறுகிறதாம்.

அம்மா