அக்கவுண்ட்டை வாடகைக்கு விடும் பையன்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் சைபர் மோசடி செய்தி வராத நாளே இல்லை. யார் ஏமாந்தார், எந்த ஊர், எத்தனை லட்சம் என்று விவரமாகப் போடுகிறீர்கள், கடைசியில் ‘ஓடிபி-யை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று ஒரு வரி. சரி, போன பணம் எந்தக் கணக்கில் போய் விழுந்தது, அந்தக் கணக்கு யாருடையது? அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. நான் தண்டையார்பேட்டைக்காரன். எங்கள் பக்கம் டீக்கடையில் அரை மணி நேரம் நின்றால் பாதி பதில் கிடைத்துவிடும்.

டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடும் பையனிடமோ, பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்யும் பையனிடமோ நண்பனின் நண்பன் என்று ஒருவன் வருவான். புதிதாக ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் திறக்கச் சொல்வான். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, அந்த அக்கவுண்ட்டில் கொடுத்த சிம், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வாங்கிக்கொண்டு ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கையில் வைப்பான். கேட்டால் ஆன்லைன் கேம் கம்பெனி, வரிப் பிரச்சினை, ரெண்டு மாசம் ஓட்டிட்டுத் திருப்பிக் கொடுத்துடுவோம் என்று ஏதோ ஒரு கதை. “சும்மா கெடக்குற அக்கவுண்ட்தானேணா, அதுல இன்னா ஆயிடப் போவுது?” என்று என்னிடமே ஒரு பையன் கேட்டான்.

என்ன ஆகும் என்பதை எங்கள் தெருவில் பார்த்தோம். மீன் விற்கும் ஒரு அம்மா, வேறு மாநிலப் போலீஸிடமிருந்து தபாலில் வந்த ஒரு நோட்டீஸை, முழுக்க இந்தி, எடுத்துக்கொண்டு படிக்கத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று வீடு வீடாக வந்தார். பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின்படி மகன் நேரில் ஆஜராக வேண்டும் என்று இருந்தது. மகன் கொடுத்த அக்கவுண்ட்டில் யாரோ ஒரு ரிட்டயர்டு வாத்தியாரின் சேமிப்பு வந்து இறங்கி, வந்த வேகத்திலேயே போயும் விட்டது. அவனுடைய சம்பளக் கணக்கும் சேர்ந்து முடங்கியது. ரயில் டிக்கெட்டுக்கும் வக்கீலுக்கும் போன காசில், வாங்கிய கமிஷன் காலில் ஒட்டிய மண்ணுக்குக்கூடக் காணாது. ‘நான் யாரையும் ஏமாற்றவில்லை சார், கணக்கு மட்டும்தான் கொடுத்தேன்’ என்று சொன்னால் கேஸ் நிற்காமல் போய்விடாது. மோசடிப் பிரிவிலும், ஐடி சட்டம் எனும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி-யிலும் பெயர் சேரலாம். 66டி-க்கு மூன்று வருடம் வரை சிறை. அதற்கப்புறம் பாஸ்போர்ட்டுக்கும் கப்பல் வேலைக்கும் போலீஸ் சரிபார்ப்பு என்று வரும்போது இந்தப் பையன்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் பையன்கள் எல்லாம் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, தயவுசெய்து அப்படித் தலைப்பு போட்டுவிடாதீர்கள். எங்கோ உட்கார்ந்திருப்பவன் தன் பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை, மாட்டுவதற்கென்றே இவர்களை முன்னால் நிறுத்துகிறான்.

பணம் இப்படிக் கணக்கு கணக்காகத் தாவுவதால்தான் முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு முக்கியம். ஒரு கணக்கில் விழுந்த தொகையைக் கொஞ்ச நேரத்தில் நாலைந்து கணக்காகப் பிரித்து, ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் கிரிப்டோவாக மாற்றிவிடுவார்கள். அதற்குள் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், அங்கே மிச்சம் இருப்பதையாவது நிறுத்தி வைக்க முடியும். தமிழிலேயே பேசலாம். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, அந்தப் பரிவர்த்தனை எண் என்ன என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அதோடு கையோடு வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும். நம் தவறு இல்லாமல் வெளியாள் பணத்தை எடுத்திருந்தால், தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. நாமே பின் நம்பரைக் கொடுத்திருந்தால் அது செல்லாது, அது வேறு விஷயம்.

ஓடிபி சொல்லாதே என்பது மட்டும் இப்போது போதாது. ‘உங்கள் வண்டிக்கு அபராதம்’ என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல், அதாவது தொட்டால் போனில் ஆப்பாக ஏறிக்கொள்ளும் ஃபைல், வருகிறது. ஆட்டோக்காரர்களுக்கும் டெலிவரி பையன்களுக்கும் அபராதம் உண்மையிலேயே அடிக்கடி வருவதால் தொட்டுவிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் வருகிறது. இன்ஸ்டால் ஆனதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்துவிட்டால் ஓடிபி தானாகவே அவன் கைக்குப் போய்விடும், நாம் வாயே திறக்க வேண்டியதில்லை. தொட்டுத் தொலைத்துவிட்டால் உடனே டேட்டாவை நிறுத்தி, சிம்மைக் கழற்றிவிட்டு, வேறு போனிலிருந்து 1930-ஐக் கூப்பிட வேண்டும். அபராதம் இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் நாமே வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய ஃபிரிட்ஜை விற்கப் போட்டால் ‘பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க’ என்று சொல்கிறவன் இன்னும் இருக்கிறான். ஸ்கேன் பண்ணினால் யுபிஐ பின் நம்பர் கேட்கும், போட்டால் நம் பணம்தான் போகும். நமக்குப் பணம் வர அந்த நம்பர் தேவையே இல்லை, இதை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைப் பையன்கூடச் சொல்வான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் மாட்டுவது டிஜிட்டல் அரெஸ்ட்டில். யூனிஃபார்ம் போட்டவன் வீடியோ காலில் வந்து, உங்கள் ஆதாரில் போதைப் பார்சல் பிடிபட்டிருக்கிறது, வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்பான். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை, பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொன்னார். போனை வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் இருக்கும் மருமகளிடம் சொன்னாலே பாதி முடிந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. மோசடிப் பணத்தில் யாரோ ஐநூறு ரூபாய்க்கு மீன் வாங்கிவிட்டுப் போனால், காசிமேட்டில் கடை போட்டிருப்பவரின் மொத்தக் கணக்கும் முடங்குகிறது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினால் போதும், கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியும், கிளைக்குப் போய்க் கேட்டால் ‘சைபர் கிரைமைக் கேளுங்க’ என்கிறார்கள், அங்கே போனால் வங்கியைக் கேட்கச் சொல்கிறார்கள்.

வங்கிகளிடம் ஒரு வேண்டுகோள்: கணக்கு திறக்கும் மேஜையில், ‘இந்தக் கணக்கை இன்னொருவருக்குக் கொடுத்தால் கேஸ் உங்கள் மேல்’ என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். இப்போது இருப்பது இங்கிலீஷில், பொடி எழுத்தில், கையெழுத்து போடும் தாளின் பின்பக்கம்.

உங்களிடம் கேட்பது, தினமும் தங்கம் விலை போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் 1930 என்ற எண்ணையும் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கவுண்ட் கொடுத்து மாட்டிய பையன்களிடம் பேசி, பெயர் போடாமல், ஒரு பக்கம் எழுதுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் உங்கள் நிருபரை வியாசர்பாடிக்கோ கொருக்குப்பேட்டைக்கோ அனுப்புங்கள், நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.