வசந்தாவின் புத்தகப் பெட்டி

தூத்துக்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசந்தா,

பெட்டி வந்து ஒன்றரை மாசம் ஆகிறது. பதிலே காணோமே என்று கோபத்தில் இருப்பாய். ஏழு புத்தகத்தையும் படித்து முடிக்காமல் பேனாவைத் தொடக் கூடாது என்றிருந்தேன், அதுதான் தாமதம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதே, அதில் என் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் பூராவும் ஊறிக் கூழாகிப்போயின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் புத்தகம் என்று வந்தது உன் பெட்டிதான். பிரித்ததும் வந்த பழைய தாள் வாசனைக்கே கண் கலங்கிவிட்டது.

“பெங்களூரில் மகன் வீட்டில் எனக்கு ஒரே ஒரு அலமாரி. எதை வைத்துக்கொள்ள, எதை யாருக்காவது கொடுக்க, நீயே சொல்லு. முகதாட்சண்யம் பார்க்காதே” என்று எழுதியிருந்தாய். பார்க்கவில்லை.

முதலில், ‘சமைத்துப் பார்’ புத்தகத்தை ஏன் இந்தப் பெட்டியில் போட்டாய்? அது அலமாரிக்கே போகக் கூடாது, அடுப்படியில் கைக்கெட்டும் இடத்தில் கிடக்க வேண்டியது. மீனாட்சி அம்மாள் 22 வயதில் கணவரை இழந்தவர். உறவுக்காரர்கள் பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள், புத்தகமாகவே போட்டுவிடேன் என்று மாமா கிருஷ்ணசாமி ஐயர் சொன்னார், 1951இல் புத்தகம் வந்தது. தூரத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் குரல் அதில் ஒவ்வொரு பக்கத்திலும் கேட்கும். சைவச் சமையல் மட்டும்தான். எங்கள் வீட்டுச் சாளைக் குழம்புக்கு அதில் வழியில்லை. ஆனாலும் கல்யாணமான புதிதில் எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தது அந்த அம்மாள்தான்.

அடுத்து நம் சண்டைப் புத்தகம். ஹாஸ்டலில் ‘மோகமுள்’ளுக்காக ரெண்டு நாள் பேசாமல் இருந்தோமே! யமுனாவுக்காக நீ அழுதாய், அவள்மேல் உயிரையே வைத்திருந்த பாபுவுக்காக நான் வாதாடினேன். நாற்பது வருஷம் கழித்துப் படிக்கும்போது எனக்கு ரெண்டு பேர் நினைப்பும் இல்லை. தங்கம்மாதான் கண்ணிலேயே நின்றாள். கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட அந்தப் பக்கத்து வீட்டுப் பெண். அவள் உயிரை விட்டதைவிட, அதனால் பாபு மனசு படும் பாடுதான் ஜானகிராமனுக்குப் பெரிதாக இருக்கிறது. இருபது வயதில் இது என் கண்ணில் படவே இல்லை. இப்போது பட்டதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ரெண்டு நாள் எடுக்கத் தோன்றவில்லை. ஆனால் ரங்கண்ணா பாட்டுச் சொல்லித் தரும் பக்கங்கள் இருக்கிறதே, சுருதிக்காக அந்த மனுஷன் உருகுவதைப் படிக்கும்போது நான் விசிறியைக்கூட நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். யமுனா இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அவளை நாம் பார்ப்பதெல்லாம் பாபுவின் கண் வழியாகத்தானே. குறை இருந்தாலும் இதை விட்டுவிடாதே.

‘கரிப்பு மணிகள்’ உள்ளட்டையில் நீ பென்சிலால் ‘பிரச்சாரம்’ என்று எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறாய். இதில் உன்னோடு எனக்குச் சண்டை, ஏட்டி. சில இடங்களில் ஆட்கள் பேசுவது சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்த மாதிரி இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்தவள் இல்லை. நான் இருபத்தெட்டு வருஷம் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். மாசியிலிருந்து மழை இறங்கும் வரை இங்கே பெண்கள் விடியுமுன்னே அளத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெள்ளை கண்ணைக் குருடாக்கும். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை, முத்து முத்தாக எழுதுபவள், ஒரு சித்திரை லீவு முடிந்து வந்தபோது கையெழுத்து கோணல்மாணலாகக் கிடந்தது. கண்டிக்கப் போனவள், கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் வெளுத்து உரிந்து, பேனா அழுந்தும் இடத்தில் சிவப்பாகச் சதை தெரிந்தது. அம்மாவுக்குத் துணையாக உப்பு வாரப் போயிருக்கிறாள். “எரியுது டீச்சர், ஆனா எழுதிருவேன்” என்றாள். ராஜம் கிருஷ்ணன் வெளியூர்க்காரர். இங்கே வந்து, அளத்து ஆட்களோடு பேசிப் பழகி, 1979இல் இதை எழுதினார். உள்ளூரில் படித்த நாங்கள் யாரும் எழுதவில்லை. அந்த வெள்ளத்தில் குவித்து வைத்த உப்பு அம்பாரங்கள் கரைந்து ஓடியபோது எனக்கு இந்த நாவல்தான் ஞாபகத்துக்கு வந்தது. உனக்கு வேண்டாம் என்றால் எனக்குக் கொடு, எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் வைக்கிறேன். பென்சில் எழுத்தை மட்டும் அழித்துவிடுவேன்.

‘புயலிலே ஒரு தோணி’யைப் பற்றி எல்லாரும் சொல்வது உண்மைதான், பெரிய புத்தகம். மெடானும் பினாங்கும், வட்டிக்கடைக் கிட்டங்கியில் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் பேசும் பேச்சும், தொங்கான் என்கிற பாய்க்கப்பலில் நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொள்ளும் அந்த இரவும், கடற்கரை ஊரில் பிறந்த எனக்கே உடம்பு நடுங்கியது. இதை வெளியிட ஆள் கிடைக்காமல் ப. சிங்காரம் பல வருஷம் காத்திருந்தார் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் குடித்துக்கொண்டு பழைய இலக்கியத்தைப் புரட்டிப் புரட்டிப் பேசும் இடங்கள் எனக்கு அலுத்துவிட்டன. பெண்கள் வருவதும் போவதும் துறைமுகத்தில் கப்பல் வருவது மாதிரிதான். ஒரு தடவை படித்தது போதும். உன் பேரன் படிப்பான் என்றால் வை.

‘வெக்கை’யை ஒரே இரவில் முடித்தேன். கையை வெட்டத்தான் அந்தப் பதினைந்து வயதுப் பையன் போகிறான், ஆளே செத்துப்போகிறான். அதற்குப் பிறகு அய்யாவும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவதுதான் கதை. பூமணி அந்தக் கொலையைப் பற்றி ஒரு நியாயமும் பேசவில்லை. கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுவதையும், கிடைத்ததைப் பொங்கி அய்யா மகனைத் தின்ன வைப்பதையும் சொல்லிக்கொண்டே போகிறார். அதுவே நெஞ்சை அடைக்கிறது. இதைக் கொடுத்துவிடாதே.

‘என் சரித்திரம்’ நீ முழுதாகப் படித்ததில்லை, தெரியும். பாதிக்கு மேல் பக்கங்கள் ஒட்டியே இருந்தன. 1940இல் விகடனில் தொடங்கி, உ.வே.சா. கண்ணை மூடும் வரை எழுதியும் முடியாத புத்தகம். எல்லாவற்றையும் படிக்காவிட்டாலும் 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப்போகும் இடத்தை மட்டும் படி. தான் பாடம் கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். அத்தனை படித்தவருக்கு, தாம் படிக்காதது இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிகிறது. 1887இல் அந்தச் சிந்தாமணியை உ.வே.சா.வே அச்சிட்டு வெளியிட்டார். பத்தாம் வகுப்பில் இதை நான் வருஷா வருஷம் வாசித்துக் காட்டுவேன். முதலியார் அன்றைக்கு நாகரிகம் பார்த்து “ரொம்ப நல்லது” என்று சொல்லி அனுப்பியிருந்தால் என்னாவது என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்காக அவனை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கடைசியாக ‘ஆரோக்கிய நிகேதனம்’. வங்காளத்தில் தாராசங்கர் எழுதிய நாவல், த. நா. குமாரஸ்வாமி தமிழாக்கியது. இதைப் பற்றி எழுத ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்தாயிற்று.

ஜீவன் மஷாய் கிராமத்து வைத்தியர். தாத்தா, அப்பா, இவர் என்று மூன்று தலைமுறை. நாடியைப் பிடித்தால் சாவு நெருங்கிவிட்டதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்லியும்விடுவார். கீழே விழுந்து அடிபட்ட ஒரு கிழவியிடம், காலம் வந்துவிட்டது, கங்கைக் கரைக்குப் போ என்கிறார். அவள் பயந்து அழுகிறாள். ஊருக்குப் புதிதாக வந்த இளம் டாக்டர் பிரத்யோத் இதைக் கேட்டுக் கொதித்துப்போகிறார். ஒரு நோயாளியிடம் இப்படிச் சொல்லலாமா என்று அவர் கேட்பது தப்பே இல்லை. முன்பு படித்தபோது நான் முழுக்க அந்த டாக்டர் பக்கம்தான் இருந்தேன்.

அம்மாவின் கடைசி மாசங்களை உனக்குப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். ஸ்கேன் பார்த்துவிட்டு எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்கள். உள்ளே போய் நாங்கள் எல்லாரும் ஒரே வாயாக “அல்சர்தான்” என்றோம். “ஏட்டி, எனக்கு என்னட்டி வந்திருக்கு? நீ டீச்சர்லா, நீ சொல்லு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நானும் அல்சர் என்றேன். பிறகு ஒரு நாள், கயத்தாறில் இருக்கும் தம்பியைப் பார்க்கணும் போல இருக்கு என்றாள். சொத்துத் தகராறில் ரெண்டு பேரும் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மாமாவைக் கூப்பிட்டால் இவளுக்கு விஷயம் தெரிந்துவிடும் என்று பயந்து, “வீட்டுக்குப் போய் நல்லா ஆனப்புறம் நாமளே போவோம்மா” என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. மாமா வந்து பார்த்தது ஐஸ் பெட்டிக்குள்தான்.

மஷாய் தன் மகன் நாடியிலேயே சாவைப் பார்த்துவிடும் இடத்தை இந்தத் தடவை படித்தபோது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போய் நின்றேன். சாவை அவர் செம்பட்டைக் கூந்தலோடு வரும் பெண் என்கிறார், அவளுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. அதற்குப் பிறகும் மனுஷன் பயமில்லாமல் நாடியைப் பிடிக்கிறார். கடைசி ராத்திரிகளில் அம்மாவின் இடது மணிக்கட்டை நானும் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். பெண்களுக்கு இடது கையில்தானே பார்ப்பார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காகிதம் மாதிரி தோலுக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மஷாய் எல்லாரிடமும் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. அந்தக் கிழவியின் அழுகையும் பொய்யில்லை. ஆனால் என் அம்மா கேட்டாள், வசந்தா. கேட்டவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவளுக்கு ஐப்பசியில் பிள்ளை பிறக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். உன் மருமகள் எப்படி நடந்துகொள்கிறாள் என்று நீ எழுதவே இல்லை, அடுத்ததில் எழுது, மறைக்காமல்.

ஐந்து புத்தகத்தைப் பார்சல் கட்டிவிட்டேன், புதன்கிழமை போட்டுவிடுவேன். ‘கரிப்பு மணிகள்’ பள்ளிக்கூடத்துக்கு என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். ‘ஆரோக்கிய நிகேதனம்’ இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும். தை மாசம் அம்மாவுக்குத் தலைத்திவசம், கயத்தாறு மாமா வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரைக்குமாவது என்னிடம் விடு.

அன்புடன்
மல்லிகா