கிரைண்டர் வந்தது, பொறுப்பு மாறவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

2011-இல் தமிழக அரசு மகளிருக்கு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது அதை வெறும் இலவசம் என்று எள்ளியவர்கள், ஒரு கையால் ஊறிய அரிசியைத் தள்ளிக்கொண்டே மறு கையால் குழவியைச் சுற்றி, தோள்வலியோடு மாவை வழித்தெடுத்த பெண்களின் மாலைப் பொழுதுகளை அறியாதவர்கள். அந்தப் பொழுது அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது மெய்யான விடுதலையே. ஆனால் உளுந்தை ஊறவைப்பதும், அரைத்தபின் கல்லைக் கழுவிக் கவிழ்ப்பதும் இன்னமும் பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே இருக்கின்றன. வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாக மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. மாவரைப்பது, சமைப்பது, பாத்திரம் துலக்குவது ஆகியவற்றை ஆண்பிள்ளைகளுக்கும் செய்முறையாகக் கற்பிக்கப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை