கூத்தில் முகவீணைக்குத் தனி மைக் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் விடிய விடிய கூத்து. பார்க்க வருகிறவர்கள் இப்போது செல்போனை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்கிறார்கள். ஆசையாகத்தான் செய்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை மறுநாள் போட்டுக் கேளுங்கள். மிருதங்கத்தில் ஓங்கி ஒரு அடி விழுந்ததும் போன் தானாகவே ஒலி அளவைக் குறைத்துவிடுகிறது, கூடவே பாட்டும் அமுங்கிப்போகிறது, கொஞ்சம் கழித்து மறுபடி ஏறுகிறது. நாதஸ்வரம் போல ஊதுகிற சின்னக் குழலான முகவீணை இருந்ததா என்றே தெரியாது. பாடுகிறவரின் ஒவ்வொரு இழுப்பையும் பின்தொடர்ந்து போகிற வாத்தியம் அது, இன்று ஆர்மோனியத்துக்குள் கரைந்துபோய்விட்டது, எங்கள் பக்கம் வாசிப்பவர்களையும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

போன வருடம் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரிடம் ஜூம் கம்பெனியின் எச்6 என்ற ஒலிப்பதிவு ரெக்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். 2013-இல் வந்த மாடல், ஒரு கையில் பிடிக்கலாம், நாலு பென்சில் பேட்டரியில் ஓடும். நான்கு மைக் செருகலாம், ரெக்கார்டரின் தலையில் இடம் வலம் என்று இரண்டு தடம் எடுக்கிற ஒரு ஸ்டீரியோ மைக் இருக்கிறது, ஆக மொத்தம் தனித்தனியாகப் பதிவாகும் ஆறு ஒலித்தடம். முகவீணைக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, ஆடுகிறவர்கள் பாட்டுக்காக மேடைக்கு மேலே தொங்கவிட்டது ஒன்று, தலையில் உள்ள மைக் முழு ஆட்டத்துக்கும் கூட்டத்துக்கும். எல்லாம் தனித்தனிக் கோப்பாக விழும். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து, மற்றதை எல்லாம் மூடிவிட்டு முகவீணையை மட்டும் கேட்டேன். இருபது வருடமாகக் கூத்துப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் அதை முழுதாகக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

முதல் ராத்திரி ஒரு தப்பு நடந்தது. சாயங்காலம் சும்மா தட்டிப் பார்த்தபோது இருந்த சத்தத்துக்கு பதிவு அளவை வைத்துவிட்டேன், கர்ண மோட்சம் கூத்து சூடு பிடித்ததும் மிருதங்கத் தடம் முழுக்க உடைந்துபோய்விட்டது. டிஜிட்டலில் உச்சத்தைத் தாண்டி வெட்டுப்பட்ட ஒலியைப் பழையபடி மீட்க முடியாது. மறுநாளிலிருந்து எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ரெக்கார்டரின் அளவுகாட்டியில் உச்சமான பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே, மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி வைத்தேன், சரியாக வந்தது. அதே கம்பெனி 2019-இல் கொண்டுவந்த எஃப்6 போன்ற, மிக ஓங்கிய சத்தத்தையும் வெட்டாமல் பதிகிற 32 பிட் ஃப்ளோட் முறைக் கருவிகளில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, ஆனால் விலை கூடுதல்.

இடம் அதிகம் வேண்டுமே என்று பயப்படுகிறார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒலித் தரத்தில் ஆறு தடத்துக்கு மணிக்குச் சுமார் 3.1 ஜிபி, எட்டு மணி நேரக் கூத்து 25 ஜிபிக்குள் முடிந்துவிடும், ஒரு 32 ஜிபி கார்டு போதும். பத்து ராத்திரியையும் ஒரு சின்ன ஹார்டு டிஸ்கில் வைக்கலாம்.

இன்னொன்று. பதிவு செய்வதற்கு முன் கூத்தை நடத்துகிற வாத்தியாரிடம் கேட்க வேண்டும், முடிந்ததும் ஒரு பிரதி ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். கேட்காமல் எடுத்து இணையத்தில் போட்டுவிடுகிறார்கள், ஆடினவர்களுக்குத் தெரிவதுகூட இல்லை. இது எனக்கு ரொம்ப வருத்தம்.

பள்ளிக்கூடத்துக்குப் புரொஜெக்டர் வாங்கித் தருகிறோம். அதுபோல மாவட்ட மைய நூலகங்களில் இப்படி ஒரு ரெக்கார்டர், நாலு மைக், ஒயர், ஸ்டாண்டு வாங்கி வைத்து, கூத்துப் பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்கு விழா நாட்களில் இரவலாகக் கொடுக்கலாமே. சம்பந்தப்பட்ட துறை கண்ணில் படும்படி இதை வெளியிடுங்கள். எங்கள் பக்கத்து முகவீணைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, அடுத்த பங்குனிக்குள் ஏற்பாடு ஆனால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
கூத்து ரசிகர் ஒருவர்,
வந்தவாசி