அந்தக் கயிறை யாரும் பாக்கலையா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல உள்பக்கத்துல ஒரு படம் வந்துச்சு. நாலு பசங்க ஒரு சுண்ணாம்புக்கல் மலை உச்சியில நின்னு கொடி பிடிச்சிருக்காங்க, மேல பெரிய எழுத்துல கயிறு கட்டி ஏறி சாதனைன்னு போட்டிருந்தீங்க. நம்ம பசங்க இந்த மாதிரி விஷயத்துல இறங்குறதைப் பாத்தா என்னைவிட சந்தோஷப்படுற ஆள் இந்த சுங்கை சிப்புட்ல இருக்க முடியாது. ஆனா படத்தை உத்துப் பாத்ததும் வயித்தைக் கலக்கிருச்சு ஐயா. ஒருத்தன் தலையிலயும் ஹெல்மெட் இல்ல, இடுப்புலயும் தொடையிலயும் மாட்டுற பாதுகாப்புப் பட்டை, ஹார்னஸ்னு சொல்வாங்க, அதுவும் இல்ல, முன்னால நிக்கிற பையன் இடுப்புல சுத்தியிருந்தது லோரியில சாமான் கட்டுற மஞ்சக் கயிறு. எழுதினவரு பாக்கல, படம் போட்டவங்களும் பாக்கல போல.

இதை நான் மனசுக்குள்ளயே வச்சிட்டுப் போயிருப்பேன், ஆனா நேத்து சனிக்கிழமை எங்க தாமான்ல, அதாவது குடியிருப்புல, மூணு பசங்க, படிவம் நாலு படிக்கிறவங்க, உங்க படத்தை போன்ல பிடிச்சு வச்சிக்கிட்டு அதுல ஒருத்தனோட அப்பா லோரியில இருந்து அதே மாதிரி கயிறை எடுத்துட்டு மோட்டர்சைக்கிள்ல மலைப்பக்கம் போயிட்டாங்க. நல்லவேளை மழை கொட்டுச்சு, திரும்பி வந்துட்டாங்க. அந்தப் பையனோட அம்மா ராத்திரி என் வீட்டுக்கு வந்து, தம்பி நீங்கதான் இந்த மலை ஏறுற ஆளாச்சே, இவனுக்கு கொஞ்சம் புத்தி சொல்லுங்கன்னு கேட்டாங்க. அதனாலதான் எழுதுறேன்.

நான் ஈப்போவுல ஒரு ஃபேக்டரியில டெக்னீஷியன், வயசு 42, பாறை ஏற ஆரம்பிச்சு பதினாறு வருஷம் ஆச்சு. மொதல்ல பத்துமலையிலதான் கத்துக்கிட்டேன். தைப்பூசத்துக்கு நாம 272 படி ஏறுறோமே, அதே மலையோட இன்னொரு பக்கம் குவா டமாய்னு ஒரு சுவர் இருக்கு, கயிறை மாட்டுறதுக்குப் பாறையில இரும்பு போல்ட் அடிச்சு வச்ச ஏறுற வழிங்க நிறைய, வாரக்கடைசியில போனா எல்லா இனத்துப் பசங்களும் தொங்கிட்டிருப்பாங்க, நம்மாளுங்களைத்தான் தேடணும்.

லோரிக் கயிறு ஏன் ஆகாதுன்னு பசங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். அந்தக் கயிறு நீளாது. சாமான் ஆடாம இருக்கணும்னுதானே கட்டுறோம், அதுக்கு அதுதான் சரி. ஆனா பாறையில முன்னால ஏறுறவன் கடைசியா மாட்டின போல்ட்டுக்கு மூணு மீட்டர் மேல போய் கை வழுக்குச்சுன்னா ஆறு மீட்டர் விழுவான், அப்போ கயிறு நீளலைன்னா அந்த அடி முழுக்க அவன் முதுகெலும்புலயும் மேல இருக்குற போல்ட்டுலயும்தான் இறங்கும். ஏறுறதுக்குன்னு செய்யுற டைனமிக் கயிறு நீண்டு குடுத்து அந்த வேகத்தை வாங்கிக்கும். அதுக்குன்னு ஒரு சோதனை இருக்கு, 80 கிலோ எடையை கட்டி மோசமான விழுகையா அஞ்சு தடவையாவது விழ வைப்பாங்க, கயிறு அறவும் கூடாது, முதல் விழுகையில இழுக்குற இழுவை 12 கிலோநியூட்டனைத் தாண்டவும் கூடாது. 12 கிலோநியூட்டன்னா ஏறக்குறைய 1,200 கிலோ எடை தொங்குற மாதிரி. தாண்டக்கூடாதுங்குற கணக்கே இவ்வளவுன்னா, நீளாத கயிறுல என்ன ஆகும்னு யோசிங்க. இதுல சுண்ணாம்புக்கல்லு வேற மழைத்தண்ணி கரைச்சு கரைச்சு கத்தி மாதிரி விளிம்பு வச்சிருக்கும், அதுல பாரத்தோட உரசினா நல்ல கயிறே அறுந்துரும். கல்லும் பெயர்ந்து வரும், மேல போறவன் காலைத் தட்டினா கீழ கயிறு பிடிக்கிறவன் மண்டையிலதான், ஹெல்மெட் அதுக்குத்தான். கயிறையும் போல்ட்டையும் சேக்குற கொக்கி வளையத்துக்குக் காராபினர்னு பேரு, பாசார் மாலாம்ல, அதாவது ராத்திரிச் சந்தையில, சாவி மாட்டுறதுக்கு அதே மாதிரி ஒண்ணு விக்கிறாங்களே, அதையும் தொடாதீங்க. உண்மையான காராபினர் நீளவாக்குல 20 கிலோநியூட்டனாவது தாங்கணும், அந்த எண்ணை இரும்பு மேலயே அடிச்சிருப்பாங்க.

எங்க தாத்தா தோட்டத்துல கள்ளு எறக்குனவரு. பள்ளிக்கூடம் போனதில்ல, கிலோநியூட்டன் எல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனா விடிகாலையில லயத்து வாசல்ல குந்திக்கிட்டு காலுக்குப் போடுற தளைக்கயிறை ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் விரலால தடவித் தடவிப் பாப்பாரு, ஒரு நார் பிரிஞ்சிருந்தாலும் அன்னிக்கு அது அடுப்புக்குள்ள போயிரும். மழையில நனைஞ்ச கயிறைத் தனியா வச்சிருவாரு, யாரையும் தொட விடமாட்டாரு, நான் ஒரு தடவை அதுல ஊஞ்சல் கட்டி ஆடினதுக்கு வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு. அப்போ கோவமா இருந்துச்சு. தியோமான்ல அந்தரத்துல தொங்கினப்பதான் புரிஞ்சுது.

அதையும் சொல்லிர்றேன். தியோமான் தீவோட தெக்குப் பக்கம் முக்குட் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, மேல ரெண்டு கருங்கல் கொம்பு வானத்தைக் குத்துற மாதிரி நிக்கும், புக்கிட் நெனெக் செமுக்குட்னு பேரு, ஏறுறவங்க டிராகன் கொம்புன்னு சொல்வாங்க. சீனாவுல இருந்து சிங்கப்பூருக்குப் பறந்து போன நாக இளவரசி இங்க இளைப்பாறி, இடம் பிடிச்சுப்போய் தீவாவே ஆயிட்டான்னு கதை. அந்த மேல்பாறைக்குக் காட்டுப் பாதையே கிடையாது, கயிறு போட்டு பிட்ச் பிட்சாத்தான் போகணும், ஒரு கயிறு நீளத்துக்குள்ள ஏறுற ஒரு கட்டம்தான் பிட்ச். ஒருத்தன் முன்னால ஏறி ஆங்கர் கட்டுவான், அதாவது கயிறைப் பாறையோட சேத்து உறுதியாக் கட்டுவான், அடுத்தவன் பின்னால வருவான், அப்புறம் மறுபடி அதே மாதிரி. 2016ல நானும் என் கூட்டாளியும் போனோம், மழைக்காலத்துல படகு சரியா ஓடாதுன்னு ஜூன் மாசமாப் பாத்து. விடியறதுக்கு முன்ன தலையில லைட்டை மாட்டிக்கிட்டு வேரைப் பிடிச்சு காட்டுல ஏறி பாறை அடியைத் தொட்டோம். கருங்கல்லு காய்ஞ்சிருந்தா காலுக்கு நல்லாப் பிடிக்கும், வெயில்ல கை வெந்துரும், தண்ணி மத்தியானத்துக்குள்ள தீந்து போச்சு. உச்சிக்கு இன்னும் ரெண்டு பிட்ச்தான் பாக்கி, கடல் பக்கம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. கூட்டாளி மேலயே பாத்துக்கிட்டு நின்னான், நானும்தான், ஒரு வருஷமா காசு சேத்து வந்திருக்கோம். பேசிக்கவே இல்ல. முதல் இடி விழுந்ததும் அவனே கயிறை இறங்குறதுக்கு மாத்த ஆரம்பிச்சான்.

ரெண்டாவது அப்சைல்ல, அதாவது கயிறைப் பிடிச்சு இறங்குறப்ப, மழை கண்ணை மறைக்குது, அவன் முன்னால இறங்குறான், நான் மேல ஆங்கர்ல நிக்கிறேன். திடீர்னு கயிறு ஒரு தடவை குலுங்கி நின்னுருச்சு. கூப்பிட்டா கேக்கல. அப்புறம்தான் தெரிஞ்சுது, மழையில ஆங்கரைத் தவறவிட்டு ஓரமா இறங்கிப் போயிருக்கான், கயிறு முடிஞ்சிருச்சு, கீழ வெறும் காத்து. கயிறோட ரெண்டு முனையிலயும் முடிச்சுப் போட்டிருந்தோம், அந்த முடிச்சு வந்து அவன் இடுப்புல இருந்த கருவியில முட்டி நிறுத்தியிருக்கு. முடிச்சு போட ஒரு நிமிஷம் கூட ஆகாது. அதைப் போடாம விட்டு கயிறு முனையைத் தாண்டி விழுந்து செத்தவங்க உலகத்துல எத்தனையோ பேரு, நல்லா ஏறத் தெரிஞ்சவங்களே செத்திருக்காங்க. அவன் ஒரு சின்னக் கயிறை முடிச்சாப் போட்டு அதைப் பிடிச்சு பிடிச்சு மேல ஏறி ஆங்கருக்கு வர ஒரு மணி நேரம் ஆச்சு. அன்னிக்கு ராத்திரி கம்பத்துல ரெண்டு பேரும் சாப்பிடவே இல்ல.

ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி போய் உச்சியைத் தொட்டோம். பத்து நிமிஷம் உக்காந்திருப்போம், புதரு, காத்து, நாலா பக்கமும் கடல். அழுதுட்டேன், சொல்றதுல வெக்கம் இல்ல.

இதையெல்லாம் படிச்சிட்டு பெத்தவங்க பிள்ளைங்களை வீட்டுக்குள்ள பூட்டி வச்சிராதீங்க, நான் கேக்கறது அது இல்ல. 1997 மே 23ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில முதல் மலேசியரா கால் வச்சது எம். மகேந்திரன், அவரோட என். மோகனதாஸ். நான் அப்போ படிவம் ரெண்டு, முடிவெட்டுற கடையில பேப்பர்ல பாத்தேன், நம்ம பேரு மாதிரி பேரு அவ்வளவு பெரிய எழுத்துல, முடி வெட்டுறவரே கத்தரியை வச்சிட்டு சத்தமா வாசிச்சாரு. அந்தப் படம்தான் என்னை மலைக்கு அனுப்புச்சு. அப்போ உங்க படமும் ஒரு பையனை அனுப்பும்தானே, அதான் எனக்குக் கவலை.

அதனால ஐயா, அதே பக்கத்துல அதே அளவுக்கு இன்னொரு கட்டுரை போடுங்க. எந்தக் கயிறு, எந்த முடிச்சு, ஏறுறதுக்கு முன்ன ஒருத்தன் முடிச்சை இன்னொருத்தன் ஏன் பாக்கணும், எல்லாம் படத்தோட, நான் எழுதித் தர்றேன், காசு வேணாம். கோயில் இளைஞர் பகுதிக்காரங்க வருஷத்துக்கு ஒரு பஸ் எடுத்து டூர் போறீங்களே, ஒரு தடவை கோலாலம்பூர் பக்கம் இருக்குற பாறை ஏறிப் பழகுற உள்ளரங்கு சுவருக்குக் கூட்டிட்டுப் போங்க, கத்துத்தர ஆளு அங்கயே இருக்காங்க, பொம்பளப் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க, என் அக்கா மகள் என்னைவிட நல்லா ஏறுது. அந்த நாலு பசங்களுக்கும் யாராச்சும் நேர்ல போய் சொல்லுங்க, திட்டாம சொல்லுங்க, தைரியம் இருக்குற பசங்க.

எங்க தாமான் பசங்க மூணு பேரையும் அடுத்த மாசம் டமாய்க்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். இன்னிக்குக் காலையில என் கயிறை எடுத்துட்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன், 60 மீட்டர், கூடம் பூரா விரிச்சுப் போட்டேன். செம்பனைத் தோட்டத்துல வேலை செய்யுறவங்க, கை எல்லாம் காப்புக் காய்ச்சிருக்கு. பசங்க ஹெல்மெட்டைப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தாங்க. அந்த அம்மா ஒண்ணும் பேசல, தரையில உக்காந்து கயிறோட ஒரு முனையை எடுத்து மறுமுனை வரைக்கும் விரலால தடவித் தடவிப் பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்